கலங்கிய கடலுக்கு ஏற்ற காமிரா

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே வருகிறவர்கள், முட்டுக்காட்டு உப்பங்கழியைக் கடந்ததும் எதிர்ப்படும் கோவளத்தை, அதன் மீனவர் குப்பத்துக்காகவும், அலைச்சறுக்கு விளையாட்டுக்காகவும், 2021ஆம் ஆண்டில் அதன் கடற்கரைக்குக் கிடைத்த நீலக்கொடிச் சான்றுக்காகவும் அறிவார்கள். அலையின் மேலே விளையாடிப் பழகிய இளைஞருக்கு அதன் அடியில் இருப்பதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு; மூச்சுக்காற்றை முதுகில் சுமந்துகொண்டு நீருக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பைக் கற்றுத் தரும் நிலையங்கள் சென்னையை அடுத்த கரையிலும் புதுச்சேரியிலும் தோன்றிவிட்ட பிறகு, அந்த ஆவல் பலருக்குக் கைகூடியும் வருகிறது. அவ்வாறு கற்றுத் தேறியவர் அடுத்தபடியாகக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நீரடியில் படம் எடுப்பதற்கு முதல் காமிராவாக எதை வாங்கலாம்?

கடைக்காரரிடம் கேட்டால், எத்தனை மெகாபிக்சல், எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்ற எண்களைச் சொல்லி, விளம்பரத் தாளில் அச்சாகியிருக்கும் பவளப் பாறையின் படத்தையும் காட்டுவார். அந்தப் படம் மாலத்தீவிலோ செங்கடலிலோ, முப்பது மீட்டர் தூரம் வரை பார்வை ஊடுருவிச் செல்லும் தெளிந்த நீரில் எடுக்கப்பட்டதாக இருக்கும். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட நமது கடல் அத்தகையதன்று. கரையோரத்தில் ஆழம் குறைவு. அடியில் கிடக்கும் மணலையும் வண்டலையும் அலைகள் ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கழிமுகங்கள் வழியாக மண் கரைந்த வெள்ளம் வந்து கலக்கிறது. மழை ஓய்ந்து கடல் தணிந்த மாதங்களில் நீர் ஓரளவு தெளிந்தாலும், மாலத்தீவின் பளிங்குத் தெளிவு இங்கே வருவதில்லை. நீரின் குணத்தை முதலில் அறிந்து, அதன் பிறகு அந்த நீருக்குப் பொருந்தும் கருவியைத் தேடுகிறவரே பணத்துக்கும் உழைப்புக்கும் பலன் காண்பார் என்பதை நிறுவுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கடலின் வர்ணம்

வானத்தின் நீலம் பிரதிபலிப்பதனாலேயே கடல் நீலமாகத் தோன்றுகிறது என்று ஒளியியலில் பேரறிஞராக விளங்கிய ராலே பிரபு கருதினார். 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று 'நர்குண்டா' என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தில் மனத்தைப் பறிகொடுத்து, கையிலிருந்த நிகோல் பட்டகத்தின் வழியாக மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தபோது, நீலம் சிறிதும் மறையாமல் நிற்கக் கண்டார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் 1922இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 1928இல் அவர் கண்டறிந்ததும் 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான ராமன் விளைவுக்கு வழிகோலியது.

ஒளியைச் சிதறச் செய்வதோடு நீரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அது ஒளியை உறிஞ்சவும் செய்கிறது. வெள்ளொளியில் அடங்கிய வர்ணங்களுள் சிவப்பையே அது மிக விரைவாக விழுங்குகிறது. மேற்பரப்பிலிருந்து ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்புக் கிரணங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். அதனையடுத்து ஆரஞ்சும் அதன் பின்னர் மஞ்சளும் மங்கும். திறந்த சமுத்திரத்தில் இறுதியாக எஞ்சுவது நீலம். கோவளத்தில் எஞ்சுவது பச்சை. கரையோர நீரில் செறிந்து வாழும் நுண்பாசிகளின் பச்சையமும், அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்து ஆறுகளும் கழிகளும் கொண்டுவந்து சேர்க்கும் மஞ்சள் நிறப் பொருள்களும் நீலக் கிரணங்களை உறிஞ்சிவிடுவதே இதற்குக் காரணம். ஒரு முனையில் சிவப்பை நீர் எடுத்துக்கொள்ள, மறு முனையில் நீலத்தைப் பாசி எடுத்துக்கொள்ள, நடுவில் தப்பிய பச்சை ஒளியிலேயே நம் முக்குளிப்பாளர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவராகிறார்.

கோவளத்துக் கரையில் படகு வந்து ஒதுங்கியதும் வலையிலிருந்து மணலில் கொட்டப்படும் சங்கரா மீனைச் சற்று உற்று நோக்குங்கள். முதுகில் அழுத்தமான செம்மை. அது பக்கங்களில் இளஞ்சிவப்பாக இறங்கி, வயிற்றில் வெள்ளியாக முடிகிறது. குவியலில் எத்தனை வகை மீன் கலந்து கிடந்தாலும் சங்கராவைத் தேட வேண்டியதில்லை. கண் தானே போய் அதில் நிற்கும். அதே மீன் பத்து மீட்டர் ஆழத்தில் பாறையோரமாக நீந்தும்போது, அதன் மேல் விழும் ஒளியில் சிவப்பே இல்லாத காரணத்தால், பசுஞ்சாம்பல் நிறங்கொண்டு பின்னணியோடு ஒன்றிப்போய்ப் பகையின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த காமிராவும் அதனைச் சாம்பல் நிறமாகவே பதிவு செய்யும். ஏனெனில் வந்து சேராத ஒளியைப் பதிவு செய்யும் சக்தி எந்த யந்திரத்துக்கும் இல்லை. ஆனால் அரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரு விளக்கின் ஒளியை அதன் மேல் பாய்ச்சியதும், கரை மணலில் கண்ட செம்மை முழுவதும் மீண்டு வருகிறது. சூரிய ஒளி பத்து மீட்டர் நீரைத் துளைத்துக்கொண்டு வந்தது; விளக்கொளியோ போவதற்கு அரை மீட்டரும் வருவதற்கு அரை மீட்டருமாக ஒரே மீட்டர் நீரைத்தான் கடந்தது. நீரடிப் படக்கலையின் சூட்சுமம் அனைத்தும் இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

காமிராவோடு சேர்த்து விற்கப்படும் வர்ண வடிகட்டிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நீலக் கடலுக்குச் சிவப்பு வடிகட்டியும், நம்முடையதைப் போன்ற பச்சைக் கடலுக்கு மெஜந்தா வடிகட்டியும் பொருந்தும். அவை இல்லாத வர்ணத்தை உண்டாக்குவதில்லை; மிகுந்து நிற்கும் வர்ணத்தைத் தடுத்து, மற்றவற்றோடு சமன் செய்கின்றன. அதனால் காமிராவுக்குள் நுழையும் மொத்த ஒளியும் குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே வெளிச்சம் குன்றிய நீரில் இது பெரும் நஷ்டம் ஆதலால், கோவளத்துக் கடலில் இறங்குகிறவருக்கு வடிகட்டியைவிட விளக்கே உற்ற துணை. இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்துவதும் தவறு. விளக்கொளியில் வடிகட்டி, படத்தைச் செக்கச் சிவந்ததாக்கிவிடும்.

தூரமும் கோணமும்

2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் அறிவியல் ஆய்வுப் பயணக் கழகத்தாரும் சேர்ந்து மாமல்லபுரத்துக் கடலில் ஆய்வு நடத்தினார்கள். கடற்கரைக் கோவிலுக்கு எதிரே, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், மதில்களின் எச்சங்களும் படிகளும் செதுக்கிய கற்களும் பரந்து சிதறிக் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். கற்கள் மிகவும் சிதைந்திருந்தன; பர்னக்கிள்களும் மட்டிகளும் பிற உயிரினங்களும் அவற்றின் மேல் தடித்து வளர்ந்திருந்தன. அத்தகைய ஒரு மதிலைப் படமாக எடுக்க முனைகிறவருக்கு எதிர்ப்படும் தர்மசங்கடத்தை எண்ணிப் பாருங்கள். மதிலின் முழு நீளத்தையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமானால் அவர் பின்னே நகர வேண்டும். பின்னே நகர நகர, அவருக்கும் மதிலுக்கும் இடையே கலங்கல் நீர் கூடிக்கொண்டே போய், இறுதியில் மதில் அடியோடு மறைந்துவிடும்.

தெளிந்த நீரில் இந்தத் தொல்லை இல்லை. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் திருகோணமலையில் கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் இறங்கி, போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளிய பழங்கோவிலின் கற்களைக் கண்டபோது, நீர் அவர்களுக்கு அனுகூலமாக இருந்தது. மாமல்லபுரத்தின் நீருக்கு வேறு உபாயம் தேவை. அகன்ற கோணத்தில் பார்க்கும் லென்ஸைக் கொண்டு மிக நெருங்கி நின்று, மதிலைச் சிறு சிறு பகுதிகளாக, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் படியும்படி வரிசையாகப் படமெடுத்து, பின்னர் கணினியில் அவற்றை ஒன்றாக இணைப்பதே அந்த உபாயம். கலங்கிய கடலில் தொல்பொருளைப் பதிவு செய்யும் ஆராய்ச்சியாளருக்கு எது உதவுகிறதோ, அதுவே நண்டையும் கணவாயையும் படமெடுக்க விரும்பும் புதியவருக்கும் உதவும்: குறைந்த தூரம், அகன்ற கோணம்.

இந்த இடத்தில் நீர் இன்னுமோர் இடையூறு செய்கிறது. ஒளி, நீரிலிருந்து கண்ணாடியைக் கடந்து காமிராவுக்குள் இருக்கும் காற்றில் நுழையும்போது வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. இதன் விளைவாக நீரடிப் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பனவாகவும் தோன்றும். கை நீட்டினால் எட்டும் என்று தோன்றும் மீன், நீட்டிய கைக்கு எட்டாமல் போவது இதனாலேதான். காமிராவின் முன்புறக் கண்ணாடி தட்டையாக இருந்தால், தரையில் 90 பாகைக் கோணம் பார்க்கும் லென்ஸ், நீருக்குள் சுமார் 64 பாகையே பார்க்கும். கண்ணாடியைக் கவிகை வடிவில் அமைத்தால் இழந்த கோணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே கருவி வாங்குகிறவர், 'நீருக்குள் இதன் பார்வைக் கோணம் எவ்வளவு? பிற்காலத்தில் இதன் முன்னே அகல்கோண லென்ஸைப் பொருத்த இடமுண்டா?' என்று கேட்பது, மெகாபிக்சலைக் கேட்பதைக் காட்டிலும் பிரயோஜனமுள்ளது.

ஒளியும் துகளும்

பிரான்சு நாட்டு உயிரியலார் லூயி பூத்தான் 1893இல் பன்யூல்ஸ் கடற்கரையில் நீரடிப் படங்களை எடுத்தபோதே, இயற்கை வெளிச்சம் போதாது என்பதை உணர்ந்து, செயற்கை ஒளியைத் தேடலானார். அமெரிக்காவின் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் 1926இல் புளோரிடாவை அடுத்த கடலில் முதன்முதலாக வர்ணப் படம் எடுத்தபோது, மேலே ஒரு தெப்பத்தில் மக்னீசியப் பொடியை வெடிக்கச் செய்து அந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டியிருந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் விளக்கு அந்தக் காரியத்தை ஆபத்தில்லாமல் செய்து முடிக்கிறது.

ஆயினும் விளக்கை எங்கே வைப்பது என்பதில் ஒரு விதி உண்டு. கோவளத்தைப் போன்ற கலங்கல் நீரில் அந்த விதியை மீறினால் படம் பாழாகும். காமிராவோடு ஒட்டிய சிறு பிளாஷ் விளக்கு எரியும்போது, லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே மிதக்கும் ஒவ்வொரு துகளும் அந்த ஒளியை நேரே லென்ஸுக்குள் திருப்பி அனுப்புகிறது. மழை கொட்டும் இரவில் வண்டியின் முகப்பு விளக்கைப் பளிச்சென்று போட்டால், சாலைக்குப் பதிலாகத் தாரைகளே கண்முன் ஒளிர்வதைப் போல, படம் முழுவதும் வெண்புள்ளிகள் நிறைந்துவிடுகின்றன. ஆதலால் காமிராவின் உள் பிளாஷை அணைத்துவிட்டு, தனி விளக்கைக் காமிராவிலிருந்து நீளும் ஒரு கரத்தில் பொருத்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒளிக்கூம்பின் விளிம்பு மட்டும் மீனின் மேல் படுமாறு வைத்துக்கொள்ள வேண்டும். நடுவே உள்ள துகள்கள் இருளில் கிடக்கும். மீன் மட்டும் ஒளிபெறும். குறுகிய கற்றையாகப் பாயும் விளக்கைவிட, பரந்து விரியும் விளக்கே இதற்கு உகந்தது.

அழுத்தமும் அடைப்பும்

நீரில் பத்து மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறுகிறது. தொடக்க நிலைப் பயிற்சி முடித்தவர்களுக்கு அனுமதிக்கப்படும் உச்ச ஆழம் 18 மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் நீளமும் ஏழு சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு செல்பேசியின் முகத்தின் மேல் அந்த ஆழத்தில் கூடுதலாக அழுத்தும் பாரம் சுமார் 190 கிலோ. 'நீர் புகாதது' என்று செல்பேசியின் பெட்டியில் அச்சிட்டிருப்பது, அசைவற்ற நல்ல தண்ணீரில் சிறிது ஆழத்தில் செய்த சோதனையைக் குறிப்பதே. கடற்கரைக் கடைகளில் தொங்கும் நெகிழிப் பைகளும் அலையில் நனையாமல் காப்பதற்கு உரியவை. அவற்றை நம்பி முக்குளிப்பது செல்பேசியைக் கடலுக்குக் காணிக்கையாக்குவதேயாகும்.

காமிராவைக் காக்கும் கடினப் பேழையின் உயிர், அதன் மூடியைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் வளையத்தில் இருக்கிறது. முக்குளிக்கப் புறப்படும் முன், கரை மணலும் காற்றும் எட்டாத அறைக்குள் அமர்ந்து, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, வளையத்தைக் கூர்நகம் படாமல் வெளியே எடுத்து, இரு விரல்களுக்கிடையே மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு மணல்துகளோ உப்புப் படிகமோ தலைமயிரோ இருந்தாலும் விரல் நுனிக்குத் தட்டுப்படும். அதை நீக்கி, வளையம் பளபளக்கும் அளவுக்கு மட்டும் சிலிக்கோன் மசகைத் தடவி, பள்ளத்தில் முறுக்கின்றிப் பதித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூட வேண்டும். கரையின் ஈரக்காற்றை உள்ளே அடைத்து மூடிவிட்டால், நீருக்குள் சென்றதும் கண்ணாடியின் உட்புறம் பனித்துவிடும். ஆழம் கூடக் கூட அழுத்தத்தால் வளையம் மேலும் இறுகுவதால், நீர்க்கசிவு பெரும்பாலும் முதல் சில மீட்டருக்குள்ளேயே நேர்கிறது; ஆகையால் இறங்கியதும் ஒருமுறை நின்று, பேழைக்குள் நீர்த்துளி ஊர்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது. கரையேறிய பின் பேழையைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பொத்தான்களைப் பலமுறை அழுத்தி, இடுக்குகளில் உள்ள உப்பைக் கரைத்துவிட வேண்டும்.

மூவகைக் கருவிகள்

1963இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட நிக்கோனாஸ், பேழை இல்லாமலே நீருக்குள் கொண்டு செல்லக் கூடியதாக இருந்து, பல தலைமுறை முக்குளிப்பாளர்களின் முதல் காமிராவாக விளங்கியது. இன்று அந்த இடத்தில் மூவகைக் கருவிகள் நிற்கின்றன.

முதலாவது, கோப்ரோ போன்ற செயல்காமிரா. பேழையில்லாமல் 10 மீட்டரும், அதற்குரிய பேழைக்குள் 60 மீட்டரும் தாங்கும். அகன்ற கோணமும் சிறிய உருவமும் கொண்டது. அசையும் காட்சிகளை நன்றாகப் பதிவு செய்யும். கலங்கல் நீரில் நெருங்கிச் சென்று படமெடுக்க அதன் கோணம் உதவும். ஆனால் அதன் குவியம் நிலையானது. ஒரு சாண் தூரத்துக்குள் வரும் சிறு பிராணிகள் அதில் தெளிவாக விழுவதில்லை.

இரண்டாவது, நீர் புகாத உடல் கொண்ட கையடக்கக் காமிரா. ஒலிம்பஸ் நிறுவனம் தொடங்கிய டஃப் வரிசையில், ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் 2023இல் வந்த டிஜி-7 இதற்குத் தக்க உதாரணம். லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பொருளையும் கூர்மையாகப் பிடிக்கும் நுண்ணோக்கி முறை அதில் உண்டு. பின்னர் கணினியில் வர்ணங்களைச் சீர்செய்ய உதவும் ரா கோப்பாகவும் படத்தைச் சேமிக்கும். வெறும் உடல் 15 மீட்டர் தாங்கும் என்பதனால், 18 மீட்டர் வரை செல்ல உரிமையுள்ளவர் அதற்குரிய 45 மீட்டர் பேழையையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய காமிராவும் அதன் பேழையும். படத்தின் தரத்தில் இதற்கு நிகரில்லை. எனினும் பேழையின் விலை காமிராவின் விலைக்கு ஈடாகவோ மிகுதியாகவோ இருக்கும். விளக்குகளும் கரங்களும் சேர்ந்தால் இரு கைகளையும் கட்டிப்போட்டுவிடும். இது புதியவருக்கு உரியதன்று.

காமிராவுக்கு முன்னால் கற்க வேண்டியது

நீரில் மேலெழாமலும் கீழிறங்காமலும் ஒரே மட்டத்தில் நிலைத்து மிதக்கும் திறன் கைவராதவரிடம் காமிராவைக் கொடுப்பது, அவருக்கும் கடலுக்கும் தீங்கு. திரைக்குள் கண்ணைப் பதித்தவர் ஆழமானியையும் காற்றின் இருப்பையும் கூட வரும் துணைவரையும் மறந்துவிடுவார். அவருடைய துடுப்பு ஒருமுறை தரையைத் தட்டினால் எழும் வண்டல், அவர் படத்தையும் பின்னால் வருகிறவர் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கோவளத்துக் கடல் மீனவர்கள் வலை விரிக்கும் கடல். பாறைகளில் அறுந்து சிக்கிய வலைகள் கிடக்கலாம். ஆதலால் காமிராவைக் கழுத்தில் மாட்டாமல், எளிதில் கழற்றக்கூடிய குறுங்கயிற்றால் மிதவை அங்கியில் பிணைத்து, தேவை நேர்ந்தால் இரு கைகளும் விடுபடுமாறு வைத்துக்கொள்ள வேண்டும். பங்குனி ஆமையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலைப் பெற்றவை. படத்துக்காக அவற்றைத் துரத்துவதும் தொடுவதும் கூடா. மாமல்லபுரத்துக் கடலடிக் கற்களின் மேல் வளர்ந்திருப்பதைச் சுரண்டிப் பார்க்கும் உரிமையும் நமக்கில்லை.

எல்லாவற்றையும் தொகுத்து என் முடிந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கோவளத்துக் கடலில் படமெடுக்க விரும்பும் புதியவருக்கு, நெருங்கிய பொருளைக் கூர்மையாகப் பிடிக்கும் கையடக்கக் காமிரா, அதற்குரிய பேழை, ஒரு கரத்தில் பொருத்திய பரந்த ஒளி விளக்கு ஆகிய மூன்றும் போதும். அசையும் காட்சி மட்டும் வேண்டுமென்பவர் செயல்காமிராவோடு அதே விளக்கை வைத்துக்கொள்ளலாம். பெரிய காமிராவுக்கென்று ஒதுக்கிய பணம் மிஞ்சினால், அதைப் பயிற்சிக்கும் கூடுதல் முக்குளிப்புகளுக்கும் செலவிடுங்கள். எடுத்த ஒவ்வொரு படத்தோடும் நாள், இடம், ஆழம், நீரின் தெளிவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். செங்கற்பட்டுக் கடற்கரையின் அடிநீரில் எந்தப் பருவத்தில் எது வாழ்கிறது என்பதை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு, குறிப்போடு கூடிய அந்த எளிய படங்கள் சிறந்த சாதனமாக உதவும்.